இடது கை முடிச்சு

“கவுத மே மல் திப்பே?”

இந்தப் பூவை வைத்தது யார் என்று சிங்களத்தில் கேட்டார் இன்ஸ்பெக்டர். அவர் விரலில் ஒரு முழம் மல்லிகைச் சரம் தொங்கியது.

அழகுமுத்துவின் கையிலிருந்த பிரஷ் அப்படியே நின்றது. நாளைக்கு ஆத்துமாக்கள் திருநாள். விடிந்ததிலிருந்து கல்லறைகளைக் கழுவி, சிலுவைகளுக்குச் சுண்ணாம்பு அடித்து, கல்லில் மங்கிப்போன பெயர்களுக்குக் கறுப்பு பெயிண்ட் ஏற்றிக்கொண்டிருந்தான். கொட்டாஞ்சேனையில் பாதி அன்றைக்கு அந்தச் சவக்காலையில்தான் நின்றது.

இன்ஸ்பெக்டர் நின்ற இடத்தில் மட்டும் கல்லுமில்லை, சிலுவையுமில்லை. இடிந்த மதிலோரம் ஒரு மண்மேடு, அவ்வளவுதான்.

ஆவணியில் பொலிசார் கொண்டுவந்து அழகுமுத்துவிடம் புதைக்கச் சொன்ன பிரேதம். சுடப்பட்டவன். பெயர் தெரியாது, ஊர் தெரியாது. கொலன்னாவையில் இயக்கம் எண்ணெய்க் குதங்களை எரித்ததிலிருந்து பொலிசாருக்குத் தூக்கமில்லை. செத்தவனை விட்டுவிட்டார்கள், அவனுடைய ஆட்களை விடுவதாயில்லை. ஒரு நாள் இல்லாவிட்டால் ஒரு நாள் எவனாவது பூவோடு வருவான் என்று காத்திருந்தார்கள்.

இன்றைக்கும் சேர்த்து மூன்று வெள்ளிக்கிழமையாகப் பூ வருகிறது. ஆளைத்தான் காணவில்லை. முதல் இரண்டு சரத்தையும் வாசல்காவலன் எடுத்துப் பொலிசில் கொடுத்துவிட்டான். அழகுமுத்து இன்றைக்குத்தான் கண்ணால் கண்டான்.

கண்டதும் கட்டு அடையாளம் தெரிந்தது.

இரண்டு பூ, ஒரு துளசி, இரண்டு பூ. முடிச்சு எதிர்ப்பக்கம். அடி பாவி மகளே!

ஜிந்துப்பிட்டி முருகன் கோயிலடியில் பூக்கட்டி விற்கும் ஆறாயியின் முடிச்சு அது. இருபத்தாறு வருஷமாக அவனோடு குடித்தனம் நடத்துகிற இடது கைக்காரி. வெள்ளிக்கிழமை விடியுமுன் பூ எடுக்கப் போகிறேன் என்று கிளம்பியது இதற்குத்தானா? இந்த மேட்டைப் பற்றி அவளிடம் அவன் மூச்சுக்கூட விட்டதில்லையே.

“நாந்தான் மாத்தயா” என்றான். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று விளங்கியது. “கல்லறையில மிஞ்சுற பூவைக் குப்பையில போட மனசு வராதுங்க. கட்டி இங்கிட்டுப் போட்டுருவேன்.”

பத்துக் கல்லறைக்கு அப்பால் புருஷனின் கல்லைத் தேய்த்துக்கொண்டிருந்த பிறிஜெற் அக்கா நிமிர்ந்து பார்த்தாள். காலையில்தான் அவனுடைய மகனிடமிருந்து கடிதம் வந்ததா என்று அன்பாய் விசாரித்தவள். இப்போது சட்டென்று குனிந்து இன்னும் பலமாகத் தேய்த்தாள். அவளை என்ன குறை சொல்வது? அவளுக்கும் வீட்டில் வளர்ந்த பிள்ளைகள் இருக்கிறார்கள்.

இன்ஸ்பெக்டர் தமிழுக்கு மாறினார். நல்ல தமிழ். அதுதான் அழகுமுத்துவை இன்னும் பயமுறுத்தியது.

“வாசல்ல பூ விக்கிற பொம்பள சொல்றா, இது இடது கை முடிச்சாம். நீ பிரஷ் புடிச்சிருக்கிறது எந்தக் கை?”

வலது கை. பிரஷ்ஷிலிருந்து கறுப்பு சொட்டி அவன் கால் பெருவிரலில் விழுந்தது.

இன்ஸ்பெக்டர் சரத்தை இரண்டாக அறுத்தார். ஒரு பாதியை உருவிப் பூக்களை மண்ணில் கொட்டினார். நூலை அவன்மேல் எறிந்தார். மற்றப் பாதி அவர் கையில் பத்திரமாக இருந்தது.

“கட்டு, பாப்போம்.”

அழகுமுத்து மேட்டருகே குந்தினான்.  முதல் பூ நழுவி விழுந்தது. பின்னால் நின்ற கொன்ஸ்டபிள் சிகரெட்டைக் கீழே போட்டு மிதித்தான். முருகா, முருகா!

முன்பொரு ஆடிவேல் திருவிழாவுக்கு ஆறாயி காய்ச்சலில் படுத்துவிட்டாள். பாயில் கிடந்தபடியே, “மாட்டுக்கா கயிறு போடுற?” என்று ஏசி ஏசி அவனைக் கட்ட வைத்தாள். அவனுக்குத் தெரிந்ததே அந்த ஒரு முடிச்சுதான். நூலை அவள் சுற்றுகிற மாதிரியே சுற்றினான். பூவை வைத்தான். உள்ளே வாங்கி இழுத்தான்.

இரண்டு பூ, ஒரு துளசி, இரண்டு பூ.

இன்ஸ்பெக்டர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார். பிறகு இரண்டையும் காலடியில் போட்டார்.

“நாளைக்கு சிவில் உடுப்புல நாலு பேர் இங்க நிப்பாங்க. நீ கட்டக்கூடாது. வேற யார் பூ வெச்சாலும் தூக்குவோம்.”

ஜீப் சத்தம் தேய்ந்து மறைந்த பிறகும் அழகுமுத்து மேட்டருகிலேயே குந்தியிருந்தான்.   திருநாள் கூட்டத்தோடு கூட்டமாக உள்ளே வருவதற்கு ஆறாயிக்கு இதைவிட நல்ல நாள் வாய்க்குமா? நாளைய பூ இந்நேரம் வீட்டில் வந்து இறங்கியிருக்கும்.

எப்படித்தான் தெரிந்துகொண்டாளோ!

ஆவணியில் இந்தக் குழியை மூடிவிட்டுப் போன நாளிலிருந்து, வயிறு சரியில்லை என்று சொல்லி அவன் மீனைத் தொடவில்லை. பதினாறு நாள். ஆறாயி ஒரு நாளாவது ஏனென்று கேட்கவில்லை. பதினாறு நாளும் ரசம் வைத்துக் கொடுத்துவிட்டு, தானும் அதையே சாப்பிட்டாள்.

நாளைக்கு அவளை வரவிடாமல் தடுக்க ஒரே வழிதான் இருந்தது. இன்றைக்கு வீட்டுக்குப் போய், அங்கே கிடப்பது நம்முடைய பிள்ளைதான் என்று முதல்முதலாக அவன் வாயைத் திறந்து சொல்ல வேண்டும்.