காலிப் பலூன்கள்

“அடேயப்பா, தேடிப் பார்த்தாலும் ஒரு வார்த்தை இல்லையே!” என்று தொப்பிக்காரர் பக்கங்களைப் புரட்டினார்.

காலையிலிருந்து இதையே சொன்னவர்களில் அவர் எத்தனையாவது ஆள் என்று தங்கைக்கு ஞாபகமில்லை. முதல் ஆள் சொன்னபோது நெஞ்சு திக்கென்றது. இப்போது ஒன்றுமே தோன்றவில்லை. மண்டையை ஆட்டினாள், அவ்வளவுதான்.

காமிக்ஸ் விழா. யாரும் போட மாட்டேன் என்ற படக்கதைகளைத் தாங்களே அச்சடித்து, தாங்களே தோளில் சுமந்து வந்து விற்கிற கிறுக்குகள் அத்தனையும் ஒரே கூடத்தில். பக்கத்து மேசையில் பூனைக் கதை, எதிர் மேசையில் பேய்க் கதை. இந்த மேசையில் அண்ணன், தங்கை, இருவரும் சேர்ந்து போட்ட புதுப் புத்தகம்.

பதினான்கு வருஷமாக அண்ணன் எழுதுவான், தங்கை வரைவாள்.

வேலை செய்கிற விதமே தனி. “இங்க ரெண்டு வரி, அங்க ஒரு வரி” என்று அவன் அளவு மட்டும் சொல்வான். அவள் படத்தை வரைந்து, ஆட்களின் வாயருகே அந்த அளவுக்கு வசனப் பலூன் போட்டு, உள்ளே காலியாக விட்டுவிடுவாள். எல்லாப் பக்கமும் முடிந்த பிறகு அவன் உட்கார்ந்து, முதலில் நோட்டில் எழுதிப் பார்த்துவிட்டு, தன் கையெழுத்தில் ஒவ்வொரு பலூனாக நிரப்புவான்.

சண்டை இல்லாமலா? உன் பலூன் என் வானத்தையே மறைக்கிறது என்று அவள் கத்துவாள். வானம் என்ன பேசவா போகிறது என்பான் அவன். வாய்க்கொழுப்பு அப்படி.

அந்த வாய் ஏழு மாதமாகப் பேசவில்லை. பக்கவாதம். வலது கை மடியில் கிடக்கிறது. நாம் சொல்வது அவனுக்குப் புரிகிறது, அவனுக்குத்தான் சொல்ல வரவில்லை. பழைய விஷயங்களில் எதெல்லாம் உள்ளே மிச்சம் என்று கேட்டதற்கு டாக்டர் கையை விரித்துவிட்டார்.

பலூன்கள் காலியாகவே அச்சுக்குப் போயின.

வந்தவர்களுக்கு இந்தக் கதையெல்லாம் தெரியாது. மௌனம் என்றார்கள், துணிச்சல் என்றார்கள். படம் மூச்சு விடுகிறது என்றாள் கண்ணாடி போட்ட ஒருத்தி. பதினான்கு வருஷத்தில் முதல் தடவையாக அவள் வரைந்த படத்தை நின்று பார்க்கிறார்கள். சந்தோஷப்பட வேண்டியதுதான். வரவில்லை.

மத்தியானம் நடுவர் அம்மா வந்தார், கையில் பரிசு ரிப்பனோடு. எந்தப் புத்தகத்தில் அதை ஒட்டுகிறாரோ, அந்தப் புத்தகத்தைப் பெரிய பதிப்பகம் ஒன்று எடுத்துக்கொள்ளும். கூடமே அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

“வசனமே வேண்டாம்னு யாரும்மா முடிவு பண்ணது?”

தங்கை அண்ணன் பக்கம் திரும்பவில்லை. அண்ணியிடமும் அச்சகத்திலும் சொல்லிச் சொல்லித் தேய்ந்த பதில் தானாக வந்தது. அண்ணனிடமே அதைத்தான் சொல்லி வைத்திருந்தாள்.

“அண்ணன் வசனம் எழுத ஆரம்பிக்கிறதுக்குள்ள இப்படி ஆயிடுச்சு மேடம்.”

நடுவர் அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அடப் பாவமே என்று அவள் தோளைத் தொட்டு, ரிப்பனை அட்டையில் ஒட்டினார். சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். அண்ணன் தட்டவில்லை. ஒற்றைக் கையை வைத்துக்கொண்டு எப்படித் தட்டுவது?

அவன் இடது கையை நீட்டி, ஒரு புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்தான். முதல் பக்கத்தைத் திறந்து, முதல் பலூனுக்குள் விரலை வைத்தான்.

விரல் மெல்ல நகர்ந்தது. ஓரத்துக்குப் போனதும் ஒரு வரி கீழே இறங்கி, மறுபடி இடமிருந்து வலம் போனது. இரண்டு வரி. அடுத்த பலூனில் ஒரே வரிதான். முடிந்த இடத்தில் தாளில் ஒரு தட்டு தட்டினான்.

பாவம், படத்தைத் தடவிப் பார்க்கிறார் என்று யாரோ போட்டோ எடுத்தார்கள்.

தடவவில்லை. உதடு அசைந்துகொண்டிருந்தது. படித்தான்.

பதினோராம் பக்கத்தில் தோள் குலுங்கச் சிரித்தான். அந்தக் கட்டத்தில் சிரிக்க என்ன இருக்கிறது? ஒரு ஆள், ஒரு கதவு, ஒரு காலிப் பலூன். ஆனால் தங்கைக்கும் சிரிப்பு முட்டியது. பல்லைக் கடித்துக்கொண்டாள்.

கடைசிப் பக்கம் வரை அப்படியே போனான். ஒரு பலூனையும் விடவில்லை, எங்கேயும் தடுமாறவில்லை. பிறகு முதல் பக்கத்துக்கே திரும்பி வந்தான். கையெழுத்துப் போட வைத்திருந்த பேனாவை எடுத்து அவள் பக்கம் தள்ளினான். விரல் முதல் பலூன்மேல் இருந்தது. முகத்தில் கோபம் இல்லை. நேரமாகிறது, ஆரம்பி என்று வேலை நாட்களில் காட்டுகிற அதே முகம்.

அவன் ஆஸ்பத்திரியில் படுத்த மறுநாளே அவனுடைய நோட்டு அவள் கைக்கு வந்துவிட்டது. அத்தனை பலூனுக்கும் வசனம் எழுதி முடித்திருந்தான். ஒரே ஒரு தடவை தன் படம் மட்டும் தனியாக நிற்கட்டும் என்று அவளுக்கு ஆசை. அவனுக்கு இனி எதுவும் ஞாபகம் வராது என்று நினைத்துவிட்டாள்.

ஒளித்து வைப்பதற்கு முன்னால் அதை எத்தனையோ தடவை படித்திருக்கிறாள்.

முதல் வரி அவளுக்கும் மனப்பாடம்.