ஏனுங்க

சோமனூர் தறிக்கூடங்களில் வேலை செய்கிறவர்கள் காதுக்குள் வைத்துக்கொள்ளும் சிப்புக்கு ஒலி நிரல் எழுதுவதுதான் மாரப்பனின் பிழைப்பு. எழுதுவது கணினியில், ஓடுவது காதில். ஊர்ச் சத்தம் முழுவதையும் சிப் அடைத்துவிடும். யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் மட்டும் திறக்கும். தன் காதிலும் ஒன்றை வைத்திருந்தார். நிம்மதியாக இருந்ததால் வீட்டிலும் கழற்றுவதில்லை.

போன ஆடியில் மனைவி சரசு குளியலறையில் வழுக்கி விழுந்தாள். அவர் அடுத்த அறையில்தான் இருந்தார். அரைமணி கழித்துப் போய்ப் பார்த்தபோது மூச்சு நின்றிருந்தது.

"அண்ணி உங்களக் கூப்படவே இல்லீங்களாண்ணா?" என்று, சிப்பைக் கழற்றி வைத்திருந்தவரிடம், துக்கத்துக்கு வந்த தம்பி கேட்டான்.

அவன் போனபிறகு சிப்பின் பதிவைத் திறந்து பார்த்தார். தேவையில்லாத சத்தம் என்று அது தள்ளிவிட்ட பட்டியலில் "ஏனுங்க" என்ற சொல் பதினேழு முறை இருந்தது. முப்பது வருடத்தில் சரசு அவர் பெயரை ஒருதரம்கூடச் சொன்னதில்லை.

நிரலிலிருந்து தன் பெயரை எடுத்துவிட்டு அந்தச் சொல்லைப் போட்டு, சிப்பை மறுபடியும் காதில் வைத்துக்கொண்டார்.

இப்போது நாள் முழுக்க அவர் காதில் ஒரு சத்தமும் விழுவதில்லை. சாயங்காலம் பக்கத்து வீட்டுப் பெண் தன் புருஷனிடம், "ஏனுங்க, டீ வெக்கட்டுங்களா?" என்று கேட்கும்போது மட்டும் சிப் திறந்துகொள்கிறது.

"வெய்யி" என்று, அந்தப் புருஷன் வாய் திறப்பதற்குள், மாரப்பன் சொல்லிவிடுகிறார்.