தண்ணீர் டிரம் பக்கத்து ஆராய்ச்சி

"தண்ணி டிரம்முக்குப் பக்கத்துலயா சார்?"

ஆரோக்கியசெல்விக்கு அழுகையே வந்துவிட்டது. கையில் சுருட்டிய போஸ்டர். மரக்காணம் உப்பளத்தில் அப்பாவோடு வெயிலில் இறங்கி, உப்பு வாரி, காலேஜ் லேபில் சோதித்துச் செய்த ஆராய்ச்சி அது.

"அங்கதாம்மா. நல்ல எடம்," என்றார் கொளஞ்சி சார். கெமிஸ்ட்ரி புரொபசர். அவளுடைய ஆராய்ச்சிக்குக் கைடும் அவர்தான்.

"மத்தவங்களுது எல்லாம் ஆடிட்டோரியம் உள்ள, ஏசியில இருக்குது சார்."

"இருந்துட்டுப் போவட்டும்," என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினார்.

போன வருஷம் ஆராய்ச்சி தினத்தன்று அவள் போஸ்டரும் ஏசியில்தான் இருந்தது. நாள் முழுக்கப் பக்கத்திலேயே நின்றாள். ஒரு ஈ, காக்கா எட்டிப் பார்க்கவில்லை. 'இந்த வருஷமும் யாரும் கேக்கலன்னா எனக்கு ஆராய்ச்சியும் வேணாம், எம்எஸ்சியும் வேணாம் சார்' என்று இவரிடம்தான் சொல்லியிருந்தாள். அதற்கு மனுஷன் பார்த்துக் கொடுத்த இடம், வராந்தா மூலையில் பச்சை டிரம்.

உள்ளே அமர்க்களம். ஃப்ளெக்ஸில் பிரின்சிபால் ஆளுயரத்துக்குச் சிரித்தார். ஆராய்ச்சி செய்த பிள்ளைகள் கீழே தபால்தலை அளவில் இருந்தார்கள். 'மாணவர் ஆராய்ச்சிக்கு ஆசிரியர்கள் தோள் கொடுப்பது எப்படி' என்று மைக்கைப் பிடித்த பிரின்சிபால், விடவே இல்லை. தோள் கொடுக்க வேண்டிய ஆசிரியர்கள் எல்லோரும் தோளில் பொன்னாடையோடு, போஸ்டர்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்கள்.

ஒருவழியாகப் பேச்சு முடிந்து சுண்டல் வந்தது.

ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்த ஆரோக்கியசெல்விக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கொளஞ்சி சார் கரண்டியும் கையுமாக நின்று, கல்யாண வீட்டு மாமா மாதிரி எல்லோருக்கும் பரிமாறிக்கொண்டிருந்தார்.

"இன்னும் ஒரு கரண்டி வாங்கிக்குங்க மேடம். நம்ம கேன்டீன் பாவாடை அண்ணன் செஞ்ச சுண்டல், வெளிய கெடைக்காது."

ஸ்டூடன்ட் தனியாக நிற்கிறாள், இவருக்குச் சுண்டல் முக்கியம். போஸ்டரைக் கழற்றிவிட்டு அனுமந்தை பஸ்ஸைப் பிடித்து வீட்டுக்குப் போய்விடலாம் என்று ஊசியில் கை வைத்தாள்.

"தண்ணி... தண்ணி எங்கம்மா?"

புதுச்சேரியிலிருந்து வந்த சீஃப் கெஸ்ட். கண்ணில் தண்ணீர் நிற்க, ஓட்டமும் நடையுமாக வந்தார். அவருக்குப் பின்னால் பிரின்சிபால். பிரின்சிபாலுக்குப் பின்னால் மொத்த ஆடிட்டோரியமும்.

டிரம்முக்கு ஒரே குழாய். நேற்று வரை கொட்டிய குழாய், இன்று நூல் மாதிரி ஒழுகியது. சங்கிலியில் கட்டிய டம்ளரும் ஒன்றுதான். கியூ படிக்கட்டு வரை போனது. நிற்கிறவர்கள் என்ன செய்வார்கள்? கண்ணுக்கு நேரே இருந்ததைப் படித்தார்கள்.

"மழைக்காலத்துல உப்பு ஏன் தண்ணி விடுது? அட, எங்க வீட்லயும் இதே பிரச்சனைதாம்மா," என்றார் சீஃப் கெஸ்ட், அரை டம்ளர் இறங்கியதும்.

"கடைசியா வார்ற உப்புல மெக்னீசியம் ஜாஸ்தி சார். அது காத்துல இருக்குற ஈரத்த இழுத்துக்கும்." அவள் குரல் நடுங்கியது. "மூணு பாத்தியில வாரி, மூணு பாட்டில்ல வச்சுப் பாத்தேன். கடைசியா வாருனது மூணாவது பாட்டில். அந்த உப்ப நாக்குல வச்சா அடியில லேசா கசக்கும்."

"எவ்ளோ மெக்னீசியம்? எப்படி அளந்த?"

சொன்னாள். நடுக்கம் போய்விட்டது. அடுத்தவர் கேட்டார், அவருக்கும் சொன்னாள். குடித்துவிட்டுப் போனவர்கள் நாக்கு வறண்டு மறுபடியும் வந்தார்கள், மறுபடியும் கேட்டார்கள்.

கியூவிலேயே பிரின்சிபால் கத்தினார்.

"ஏம்பா பாவாடை, உப்பளத்து ஊர்ல இருந்துகினு உப்புப் போடத் தெரியலியா உனக்கு?"

"அளவாத்தான் சார் போட்டேன்," என்றார் கேன்டீன் பாவாடை, பரிதாபமாக.

"எனக்குச் சரியாத்தான் சார் இருக்குது," என்று நடுவில் புகுந்தார் கொளஞ்சி சார். சொன்னதோடு விடாமல் இன்னொரு தட்டு வாங்கிச் சாப்பிட்டார். அதோடு நிற்காமல் அதற்கும் மேலே ஒன்று. நெற்றியில் வேர்வை ஆறாக ஓடியது. இப்படியும் ஒரு தீனிப்பண்டாரமா என்று ஆரோக்கியசெல்வி தலையில் அடித்துக்கொண்டாள்.

கிளம்பும்போது சீஃப் கெஸ்ட் சொன்னார்: "எங்க டிபார்ட்மென்ட்டுக்கு ஒரு நாள் வந்து இதப் பேசும்மா. எம்எஸ்சிக்கும் அங்கயே அப்ளை பண்ணு." சொல்லிவிட்டு, வழிக்கு ஒரு டம்ளர் குடித்துக்கொண்டார்.

கூட்டம் கலைந்தது. அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. போஸ்டரைச் சுருட்டும்போது பாவாடை ஒரு தட்டை நீட்டினார்.

"நீயாவது சாப்ட்டுப் பாத்துச் சொல்லு பொண்ணு. சத்தியமா நான் அளவாத்தான் போட்டேன்."

ஒரு வாய் போட்டாள். முதலில் கரித்தது. பிறகு நாக்கின் அடியில் லேசாகக் கசந்தது.

அப்படியே நின்றாள். பிறகு லேபுக்கு ஓடினாள்.

அலமாரியில் அவள் உப்பு போட்டு வைத்த மூன்று ஊறுகாய் பாட்டில்கள். முதல் இரண்டும் நிறைய இருந்தன. மூன்றாவது காலியாக, கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது.

மூலையில் கொளஞ்சி சார் சொம்பைத் தூக்கி அண்ணாந்து மடமடவென்று குடித்துக்கொண்டிருந்தார்.

"சார், என் மூணாவது பாட்டில்..."

"உன் போஸ்டருக்குத்தாம்மா செலவாச்சு," என்று மூச்சு வாங்கியவர், காலிச் சொம்பை அவளிடமே நீட்டினார். "இன்னும் கொஞ்சம் தண்ணி புடிச்சுக் குடும்மா."