ஒரு நாள் விடாமல்

“எல்லாம் குடுத்துப் பார்த்தாச்சும்மா. உங்க பொண்ணு எழுத்து தேறலை” என்று தலைமையாசிரியர் படிவத்தை நீட்டினார். அம்மா கையெழுத்துப் போட்டால், திங்கட்கிழமை முதல் சிட்டுவுக்கு இந்தப் பள்ளியில் இடமில்லை.

ஏழு வயதுச் சிட்டு படிப்பில் கெட்டி. முதுகுக்குத்தான் வலு போதாது. கால் அந்தரத்தில் தொங்கினால் உடம்பு சரியும். கூடவே எழுத்தும் சரியும்.

அதனால்தான் மூன்று மாதம் முன்பு தெரபிஸ்ட் ஒரு கால்பலகையும், வைத்து எழுத ஒரு சாய்வுப் பலகையும் பள்ளிக்கு அனுப்பியிருந்தாள். அனுப்பும் முன்பே கால்பலகையில் சிட்டு தன் கையாலேயே மஞ்சள் வாத்து ஸ்டிக்கர் ஒட்டியிருந்தாள்.

“கிளாஸ்ல பலகையைக் கண்ணாலயே பார்க்கலைங்கிறா சார்” என்றாள் அம்மா.

“பிள்ளைங்க சொல்றதை நம்பினா ஸ்கூல் நடத்த முடியுமா?”

அவர் குள்ளமான மனிதர். நாற்காலியோ ஏதோ ராட்சதன் விட்டுப்போன சிம்மாசனம் மாதிரி இருந்தது. மேசை விளிம்பில் ஃபைல்களைக் கோட்டை மதில்போல் அடுக்கி, அதற்குப் பின்னால் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

“பெட்டியையே பிரிக்கலையோ?” என்று கேட்டாள் அம்மாவோடு வந்திருந்த தெரபிஸ்ட்.

அவருக்குச் சுருக்கென்றது. “வந்த அன்னைக்கே பிரிச்சாச்சு. அன்னையிலேர்ந்து ஒரு நாள் விடாம உபயோகத்துல இருக்கு. சத்தியமாச் சொல்றேன்.”

மதிலுக்கு மேலாக ஒரு நோட்டு வந்தது. பக்கத்துக்குப் பக்கம் தேதி, நேரம், ‘பயன்படுத்தப்பட்டது’ என்ற குறிப்பு. எல்லாம் அவர் கைப்பட, முத்து முத்தாக.

தெரபிஸ்ட் புரட்டினாள். “பலகை கேட்டு நீங்க போட்ட லெட்டரை எங்க ஆபீஸ்ல மூணு பேர் உட்கார்ந்து படிச்சோம் சார். அப்பவும் பாதி புரியலை. இது நல்லாருக்கே.”

“பயிற்சிதான். முயற்சி பண்ணினா யாருக்கும் வரும். உங்க சிட்டுவுக்குத்தான் வரலை.”

“வீட்டுல காலுக்கு அட்டைப்பெட்டி வெச்சா அழகா எழுதுறா சார்.”

“பெத்தவங்களுக்குக் கிறுக்கலும் அழகுதாம்மா. போடுங்க கையெழுத்து.”

“அப்ப பலகை ரெண்டையும் திருப்பிக் குடுத்துடுங்க” என்றாள் தெரபிஸ்ட்.

“எதுக்கு?” முதன்முறையாக அவர் குரல் தடுமாறியது. “இருக்கட்டுமே. வேற யாருக்காவது ஆகும்.”

சாட்சி என்று இருந்தது ஏழு வயதுக் குழந்தையின் வாய்ச்சொல் மட்டும். எதிரே தொண்ணூறு பக்க நோட்டு. அம்மா பேனாவைத் திறந்தாள். மூடி நழுவி, மேசைக்கடியில் உருண்டது.

“நான் எடுக்கிறேன்” என்று அம்மா பக்கத்தில் நின்றிருந்த சிட்டு குனிந்து உள்ளே தவழ்ந்தாள்.

“வேணாம், வேணாம். விடு பாப்பா” என்று தலைமையாசிரியர் பதறினார்.

மேசைக்கடியிலிருந்து குரல் வந்தது.

“அம்மா, என் வாத்துப் பலகை மேல சார் கால் வெச்சிருக்காரு.”