குடைக்குள் ஒரு கணம்

அது மழையே பெய்யாத ஆண்டு என்றுதான் நினைக்கிறேன், தவறாகவும் இருக்கலாம். எங்கள் குடைக் கம்பெனியின் சோதனை மேசையில் இருந்த சற்குணம், ஒவ்வொரு குடையையும் விரித்து, அதனடியில் சற்று நின்று, அண்ணாந்து பார்த்த பிறகே மடக்குவாள். மாலையில் கடைசிக் குடைக்கும் அதே ஆர்வம்தான்.

"மழையே காணோம். விரிச்சு மடக்கினா போதாதா, உள்ள குடித்தனம் வேற பண்ணணுமா? நாளைக்கும் இப்படின்னா வேற ஆளைப் போட்டுடுவேன்" என்றார் சூப்பர்வைசர் தவசீலன்.

"நாளைக்கு இதுக்குள்ள யாரோ நிப்பாங்க சார். இன்னிக்கு நான் நிக்கிறேன். நீங்களும் வாங்களேன்."

நாங்கள் சிரித்தோம். அவர் போய் நின்றார். இருவரும் அண்ணாந்து பார்த்தார்கள்.

"அடுத்ததை விரிம்மா" என்றார்.

தவசீலன் ஓய்வு பெற்றுவிட்டார். நாங்கள் வேறு வேலைகளுக்குப் போய்விட்டோம். சற்குணம் அந்த மேசையில்தான் இருக்கிறாள்.