பெயர் தெரிந்த கட்டம்

"என் பேரையே தூக்கிட்டாளே, பாவி!" சர்வேயர் நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டார்.

தங்கை அனுப்பிய வம்சாவளிக் கோப்பு, கடைக்காரம்மாவின் கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக விரிந்திருந்தது. அவர் இருக்க வேண்டிய கட்டத்தில் சாம்பல் நிறம் பூசி, 'தனிப்பட்டது' என்று ஒரே ஒரு சொல். பக்கத்தில் மனைவியின் கட்டமும் அதே கதி.

"உக்காருங்க சார். அவங்க தூக்கல. ஃபைலை வெளியே அனுப்பும்போது சாஃப்ட்வேரே சில பேரை மறைச்சிடும்" என்றாள் கடைக்காரம்மா. சுவரில் மாட்டும் அளவுக்குக் குடும்ப மரம் அச்சடித்துக் கொடுப்பதுதான் அவள் தொழில். "அது கிடக்கட்டும். உங்க தங்கச்சி போட்டிருக்கிற தேதியில ஒண்ணைக்கூட இதால படிக்க முடியல. முப்பத்தெட்டையும் கீழே ஒதுக்கி வெச்சிருக்கு பாருங்க."

சர்வேயர் எட்டிப் பார்த்தார். 'மூணாம் மாசம் பதினெட்டு, நல்ல மழை' என்றெல்லாம் எழுதி வைத்திருந்தாள் மகராசி. முப்பத்தைந்து வருஷம் அங்குலம் பிசகாமல் நிலம் அளந்த மனிதருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நாள், மாசம், வருஷம்னு எண்ணுல போட்டா கிரீடமா எறங்கிடும்? சின்ன வயசுலேர்ந்தே இப்படித்தான். சரி, என் மகன் எங்கே இருக்கான்னு பாரும்மா."

வீட்டுக் கம்ப்யூட்டரில் கோப்பு திறக்காததால், அதற்காகத்தான் அவர் இங்கே வந்திருந்தார். கிடைத்த அரசாங்க வேலையை உதறிவிட்டுக் கப்பலில் சமைக்கப் போகிறேன் என்று நின்ற ஒரே பிள்ளையை, 'இனிமே இந்த வாசப்படியை மிதிக்காதே' என்று துரத்தி ஆறு வருஷம் ஆகிறது. அன்றைக்கே தன் கம்ப்யூட்டரில் இருந்த குடும்ப மரத்திலிருந்தும் அவன் கட்டத்தை அழித்தார். அழித்த நாள் முதல் வெந்துகொண்டிருக்கிறார்.

அவன் பேசுவதெல்லாம் அத்தையிடம் மட்டும்தான். மூன்று மாதத்துக்கு முன்னால் சர்வேயர் வெட்கத்தை விட்டு அவளிடம் விலாசம் கேட்டார். "தன்னைப் பத்தி உங்ககிட்ட ஒரு வார்த்தை பேசக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்கான் அண்ணா. என் வாயால சொல்ல மாட்டேன்" என்றவள் ஓவென்று அழுதுவிட்டுப் போனை வைத்துவிட்டாள். போன வாரம் திடீரென்று இந்தக் கோப்பு வந்தது. 'எல்லாத்தையும் இதுல எழுதிட்டேன். நீங்களே பாத்துக்கோங்க' என்று இரண்டே வரி. அதற்குப் பிறகு அவள் போனை எடுப்பதே இல்லை.

கடைக்காரம்மா மரத்தை மேலிருந்து மெல்ல இறக்கினாள். தாத்தா, அப்பா, அம்மா, பெரியப்பா எல்லாரும் பெயரும் இனிஷியலுமாக வந்தார்கள். தங்கையின் கட்டம் சாம்பல். அவள் பெண்கள் இரண்டு பேரும் சாம்பல்.

அடுத்து வந்தது ஒரு வெள்ளைக் கட்டம். உள்ளே அவர் மகனின் முழுப் பெயர்.

"இதோ! இதோ இருக்கான்!" சர்வேயர் அந்தப் பெயர்மேல் விரலை வைத்தார். "எங்க எல்லாரையும் மறைச்சாலும் இவனை விடல பாத்தியா? தங்கச்சிக்கு இவன்னா உசுரு."

"விலாசம் எதுவும் இல்லையே சார். ஆனா ஒதுக்கின தேதியில இவர் பேர்ல ரெண்டு இருக்கு. வரிசையா சரி பண்ணிட்டு வரேன், என்னன்னு தெரிஞ்சிடும்."

"ஒண்ணு பிறந்த தேதி. இன்னொண்ணு..." சர்வேயரின் முகம் மலர்ந்தது. "கல்யாணம்! திருட்டுப்பய, சொல்லாம கொள்ளாம பண்ணிக்கிட்டான்!"

பையில் போன் அடித்தது. மனைவி.

"என்னங்க, கிடைச்சுதா? பையெல்லாம் கட்டி வெச்சுட்டேன். நீங்க வந்ததும் கிளம்பிடலாம்."

"அவசரப்படாதே. உனக்கு மருமக வந்துட்டா போலிருக்கு!" என்றார் சர்வேயர். அந்தப் பக்கம் அவள் சிரித்தாளா அழுதாளா என்று அவருக்கே விளங்கவில்லை. "வரேன், வரேன்" என்று வைத்தார்.

கடைக்காரம்மா ஒவ்வொரு தேதியாகத் திறந்து, எண்களாக மாற்றி, அதனதன் கட்டத்தில் சேர்த்துக்கொண்டே போனாள். டக், டக் என்று கீபோர்டு சத்தம். முப்பத்தோராவது தேதியில் அது நின்றது.

அவள் கீழே இருந்த வரியைப் படித்தாள். வெள்ளைக் கட்டத்தைப் பார்த்தாள். மறுபடி வரியைப் படித்தாள். பிறகு திரையை மெல்லத் தன் பக்கமாகத் திருப்பிக்கொண்டாள்.

"சார்... வீட்டுல அம்மா தனியாவா இருக்காங்க?"

"ஆமா. ஏன்?"

"பக்கத்து வீட்டுல யாரையாவது கூட இருக்கச் சொல்லுங்களேன்."

"அட, ஊருக்குப் போறதுக்கு அவளுக்குத் துணை எதுக்கு? நான் இருக்கேனே!" சர்வேயர் சிரித்தார். ஆனால் அவள் சிரிக்கவில்லை. வாயில் வந்ததைக் கேட்டார்.

"ஏம்மா, எங்க பேரையெல்லாம் மறைச்சுட்டு அவன் பேரை மட்டும் விட்டிருக்கே, அதுக்குத் தங்கச்சி தனியா ஏதாவது பண்ணியிருப்பாளா?"

கடைக்காரம்மா கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள்.

"அவங்க ஒண்ணும் பண்ணல சார்... உயிரோட இருக்கிறவங்க பேரை மட்டும்தான் அது மறைக்கும்."