ஒன்பது குப்பிகள்

"மூணு நாளா மலையில கரண்டே இல்ல. பஞ்சு மட்டும் எப்படிம்மா வளர்ந்துச்சு?"

அதிகாரி தரணிதரன் கண்ணாடிக் குப்பியை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். உள்ளே சத்துநீரில் மிதந்த பருத்தி விதைக்கருவைச் சுற்றி வெள்ளை இழைகள். இப்படி ஒன்பது குப்பி. செடியே இல்லாமல் பருத்தி இழை வளர்க்கும் முயற்சி. இன்று எதுவும் தேறாவிட்டால் வளப்பூர் நாடு என்னும் இந்த மலையூரில் இருக்கும் சின்ன ஆய்வுக்கூடத்தைப் பூட்டிவிடுவார்கள். ஆய்வாளர் அனுராதாவின் வேலையும் போகும்.

"தெரியல சார். மண் சரிஞ்சு பஸ் நின்னுபோச்சு. நாமக்கல்ல மாட்டிக்கிட்டேன். காலையிலதான் வந்தேன்."

"இந்தக் குளிருல எல்லாம் செத்திருக்கணும். கடைப் பஞ்சைத் திணிச்சு வெச்சிட்டு என்கிட்டயே கதை விடறீங்களா?"

அவள் அவசரமாகத் தலையாட்டி மறுத்தாள்.

வாசலில் நின்ற காவலாளி செல்லமுத்து தொண்டையைச் செருமினார். "அம்மிணி மேல தப்பில்லீங்க. கரண்டு போனதும் நாந்தான் குப்பியெல்லாம் எங்க ஊட்டுக்குத் தூக்கிட்டுப் போனேன். இருட்டு வேணும், சூடு ஒரே மாதிரி நிக்கணும், ஆட்டக்கூடாதுன்னு அம்மிணி எப்பவும் சொல்லுமுங்க."

"அடுப்புக்கிட்ட வெச்சியா?"

"அடுப்புச் சூடு ஏறும், எறங்குமுங்க. ஒடம்புச் சூடுதான் நிக்கும்."

"ஒடம்புச் சூடா? மூணு நாளா?"

"ஒன்பதையும் அணைச்சுப் படுத்தது எந்திரிக்கவே இல்லீங்க. தண்ணி குடிக்க மட்டும் ஒரு நிமிசம்."

தரணிதரன் பூதக்கண்ணாடியை எடுத்தார். ஒவ்வொரு இழையும் விதைக்கருவின் தோலிலிருந்துதான் முளைத்திருந்தது. வெகுநேரம் பார்த்தார்.

"மன்னிச்சுக்கம்மா. ஆய்வுக்கூடம் இங்கயே இருக்கட்டும்." பேனாவைத் திறந்தார். "அறிக்கையில முதல் நன்றி அந்த மகராசிக்குத்தான். பேரு சொல்லுய்யா."

செல்லமுத்து தலையைச் சொறிந்தார்.

"பாப்பாயி அக்கான்னு எழுதுங்க சார், இவரு சம்சாரம்." அனுராதா வாசலை நோக்கி நடந்தாள். "கூடப் பொறந்தவங்க செய்வாங்களா இதை? நான் இப்பவே போய் அந்தக் கால்ல விழணும்."

செல்லமுத்து பதறிப்போய்க் கதவை மறித்தார். "பாப்பாயி இல்லீங்க அம்மிணி! கிட்டப் போனா கொத்திப்போடும். பதினோரு முட்டைய எடுத்துட்டுக் குப்பிய வெச்ச கோவம் அடைக்கோழிக்கு இன்னும் தீரலீங்க."